கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

நன்றிப் பூசை ஒன்றுக்குக் கருத்துக் கொடுப்பதற்காக எங்கள் பங்கின் மூதாட்டி ஒருவர் வந்தார். அவருடைய மகன் பல்லாண்டுகளுக்கு முன்னரே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். பேத்தி பள்ளி இறுதியாண்டை முடிக்கவிருக்கிறாள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் முழுவதையும் அந்நாட்டுத் தரைப்படை கட்டிவிடும் என்று கடிதமும் வந்திருக்கிறது. "மாதா கண் திறந்துவிட்டாள் சாமி, ஒரு நன்றிப் பூசை வையுங்கள்" என்றார் அந்தத் தாய். அவர் முகத்தில் இருந்த ஒளியைக் கண்டபின் வேறொன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரு நாள் கழித்து அந்தப் பெண்ணே தொலைபேசியில் பேசினாள். "பாட்டி மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஃபாதர். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. இங்கே ஒருவர், நாட்டுக்குச் செய்யும் நற்பணி, யோசிக்காதே என்கிறார். இன்னொருவர், சீருடை அணிந்தாலே பாவம் என்கிறார். நான் கையெழுத்திடலாமா?" என்று கேட்டாள். அன்று நான் சொன்ன விடை சிறியது. அதன் விரிவு இக்கட்டுரை. இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டுக் குடிமக்களாக வளர்ந்து வருகிறார்கள். இதே கடிதம் நாளை அவர்கள் இல்லங்களுக்கும் வரக்கூடும். ஆகவே இதைப் பொதுவில் எழுதத் துணிகிறேன்.

முதலில் அந்தக் கடிதம் எத்தகையது என்று பார்ப்போம். 'ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை' என்பது அமெரிக்கக் கல்லூரிகளுக்குள்ளேயே இயங்கும் ஓர் அமைப்பு. 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஆர்.ஓ.டி.சி. என்ற அதன் ஆங்கில எழுத்துகளாலேயே அங்கு எல்லாரும் அதைக் குறிப்பிடுகின்றனர். மாணவர் மற்றவர்களைப் போலவே பட்டப்படிப்புப் படிப்பார். அத்துடன் படைக்கலப் பயிற்சியும் தலைமைப் பயிற்சியும் பெறுவார். பட்டம் பெறும்போது செகண்ட் லெப்டினன்ட் என்னும் அதிகாரியாகப் பொறுப்பேற்பார். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தரைப்படையும் வான்படையும் இதற்குக் கல்வி உதவித்தொகை வழங்கலாயின. இன்று தரைப்படையின் உதவித்தொகை கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்கிறது. நூல்களுக்கெனத் தனித்தொகையும், கைச்செலவுக்கு மாதம் 420 டாலரும் தருகிறது. ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிய பல்கலைக்கழகங்கள் நிறைந்த நாட்டில், உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது வானத்து மன்னாவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் மன்னாவுக்கு ஒப்பந்தம் இல்லை. இதற்கு உண்டு. உதவித்தொகை பெறுபவர் எட்டு ஆண்டுக் கடமைக்கு உட்படுகிறார். பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் முழுநேரப் படைப்பணி. எஞ்சியவை அழைத்தால் செல்ல வேண்டிய நிலை. நான்காண்டு உதவித்தொகை பெறுவோர் முதலாண்டு முடிவில் எவ்விதக் கடனுமின்றி விலகிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்தபின் விலகினால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அல்லது சாதாரணப் படைவீரராகப் பணியாற்ற அழைக்கப்படலாம். ஆகவே உதவித்தொகை என்ற பெயரே நம்மை மயக்குகிறது. இது கொடை அன்று; முன்பணம். பெறுபவர் ஈடாக வைப்பது தம் உடலையும் ஆண்டுகளையும் மட்டுமன்று. மனச்சான்றின் ஒரு பகுதியையும் வைக்கிறார். இந்த மூன்றாவது ஈட்டைப் பற்றித்தான் யாரும் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை.

சீருடை அணிந்தாலே பாவம் என்று சொல்பவருக்கு முதலில் விடையளிக்கிறேன். அவர் சொல்வது திருச்சபையின் போதனை அன்று. திருமுழுக்கு யோவானிடம் படைவீரர் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது யாது என்று வினவினர். அவர் வாளை எறிந்துவிடச் சொல்லவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காமல் ஊதியத்தோடு நிறைவடையச் சொன்னார் (லூக்கா 3:14). கப்பர்நாகும் நூற்றுவர் தலைவரின் நம்பிக்கையை ஆண்டவரே வியந்து பாராட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தில் (எண் 79), படைப்பணியைச் செம்மையாக ஆற்றுவோரை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் தொண்டு புரிவோராகவே காண்கிறது. அதே பத்தி, மனச்சான்றின் பேரில் படைக்கலம் ஏந்த மறுப்போருக்குச் சட்டம் மனிதநேயத்தோடு இடந்தர வேண்டும் என்றும் கேட்கிறது. படைக்கலம் ஏந்த மறுத்து 295-ஆம் ஆண்டில் தலை கொடுத்த தெபெஸ்தா நகரின் மாக்சிமிலியனும் நம் புனிதரே. நம்பிக்கை கொண்டபின் படையை விட்டு விலகிய தூர் நகர மார்ட்டினும் நம் புனிதரே. நாட்டைக் காக்கப் போரிட்டு மாண்ட எண்ணற்ற நல்லோரும் நம் திருப்பலிகளில் நினைவுகூரப்படுகின்றனர். சீருடையை நரகத்தின் ஆடை என்பவர், திருச்சபையைவிடத் தம்மைத் தூயவராக்கிக் கொள்கிறார்.

எனினும் என் மனத்தாங்கல் அவரிடம் அதிகமில்லை. அவர் தவறான விடை சொன்னாலும் சரியான இடத்தில் நின்று சொன்னார். 'நற்பணி, யோசிக்காதே' என்பவரிடமே என் வழக்கு. யோசிக்காதே என்று ஒரு கிறிஸ்தவரிடம் சொல்லும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்?

போரைப் பற்றித் திருச்சபை கற்பிப்பது என்ன? எல்லாப் போரும் நன்று என்றுமில்லை. எல்லாத் தற்காப்பும் தீது என்றுமில்லை. புனித அகுஸ்தீனாரும் புனித தோமா அக்குவினாவும் வகுத்த நெறி இது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2309) இதைத் தொகுத்துச் சொல்கிறது. தாக்குபவன் விளைக்கும் கேடு நிலையானதாயும், கொடியதாயும், ஐயத்துக்கு இடமற்றதாயும் இருத்தல் வேண்டும். வேறு வழிகளெல்லாம் பயனற்றவையாகியிருத்தல் வேண்டும். வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருத்தல் வேண்டும். நீக்க முனையும் தீமையைவிடப் பெரிய தீமை விளையாதிருத்தல் வேண்டும். அணுப்படைக்கல யுகத்தில் இவ்வளவைகள் நிறைவேறுவது எத்துணை அரிது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்னும் சுற்றுமடலில் அழுத்தமாக எடுத்துரைத்தார். ஆக, ஒவ்வொரு போரும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியது என்பதே நம் மரபு. நீதியான போரில் பங்கேற்கலாம். அநீதியான போரில் பங்கேற்கலாகாது. இது தீவிரவாதியின் கொள்கை அன்று. சாதாரணக் கத்தோலிக்கரின் கொள்கை.

இங்கேதான் சிக்கல். இந்தச் சாதாரணக் கத்தோலிக்கருக்கு அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. எந்தப் போரிலும் எவ்வடிவிலும் பங்கேற்க மாட்டேன் என்று மனச்சான்றின்படி உறுதி கொண்டவரை அச்சட்டம் மதிக்கிறது. இந்தப் போர் அநீதியானது, ஆகவே இதில் மட்டும் பங்கேற்க மாட்டேன் என்பவரை அது மதிப்பதில்லை. வியட்நாம் போரின்போது லூயி நெக்ரே என்ற கத்தோலிக்க இளைஞர் இதே வழக்கோடு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவர் கட்டாய ஆள்சேர்ப்பில் படைக்குள் கொண்டுவரப்பட்டவர். வியட்நாம் போர் தம் திருச்சபையின் அளவைகளின்படி அநீதியானது என்று கண்டவர். 1971-இல் நீதிமன்றம் கில்லட் வழக்கோடு சேர்த்து அவர் வழக்குக்கும் தீர்ப்பு வழங்கியது. எட்டு நீதிபதிகள் அவருக்கு எதிராக நின்றனர். டக்ளஸ் ஒருவரே மாறுபட்டார். அதே ஆண்டில் அமெரிக்க ஆயர்கள், குறிப்பிட்ட போரை மறுக்கும் மனச்சான்றுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று அறிக்கை வெளியிட்டனர்; 1983-இல் அமைதி பற்றிய தங்கள் மேய்ப்புப்பணி மடலில் அதை மீண்டும் வலியுறுத்தினர். சட்டம் இன்றுவரை மாறவில்லை.

நெக்ரேக்கு ஒன்றாவது மிஞ்சியது. 'நான் வரவில்லை, இழுத்து வரப்பட்டேன்' என்று அவர் சொல்ல முடிந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நின்றுவிட்டது. இன்று அப்படையில் இருப்போர் அனைவரும் தாமே கையெழுத்திட்டவர்கள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரை எழுதும்போது என்ன சொல்கிறாள்? இனி வரும் ஆண்டுகளில், இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு குடியரசுத் தலைவர், இன்னும் பெயர் தெரியாத ஒரு நாட்டோடு தொடுக்கும் போர் நீதியானதா என்று எடைபோடும் தன் உரிமையை, சட்டத்தின் முன் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாள். எடைபோடுவதை அவள் மனம் நிறுத்தாது. ஆனால் அந்த எடையின்படி நடந்தால் தண்டனை உண்டு.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 2003-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் காலின் பவல். நியூயார்க் நகரக் கல்லூரியில் இதே பயிற்சிப் படையில் சேர்ந்து, 1958-இல் அதிகாரியாக வெளிவந்து, முப்படைத் தளபதிகளின் தலைவராகவும் பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்தவர். குடியேறியவர் பிள்ளைக்கு இப்படை திறந்துவிடும் கதவுக்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதை மறுப்பது நேர்மையாகாது. அவரே 2003 பிப்ரவரி 5-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில், ஈராக்கிடம் பேரழிவுப் படைக்கலங்கள் உள்ளன என்று எடுத்துரைத்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 5-ஆம் நாள் திருநீற்றுப் புதனன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் தூதராகக் கர்தினால் பியோ லாகி வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் புஷ்ஷைச் சந்தித்துப் போர் வேண்டாம் என்று மன்றாடினார். அம்மாதமே போர் தொடங்கியது. அந்தப் படைக்கலங்கள் அகப்படவில்லை. அவ்வுரை தம் வாழ்வின் பெயருக்கு ஒரு கறை என்று பவலே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அம்மாதம் ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில், ருமேனியக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர் ஜான் மைக்கேல் போட்டியன் தம் மக்களுக்கு மடல் எழுதினார். இந்தப் போரில் நேரடியாகப் பங்கேற்பது கனமான தீமை என்று அதில் அறிவித்தார். அவர் மந்தையில் இளம் படை அதிகாரி ஒருவர் இருந்திருப்பின் அவர் நிலை என்ன? போனால் ஆயரின் சொற்படி பாவம். போகாவிட்டால் நாட்டின் சட்டப்படி குற்றம். 1999-இல், போர் மேகமே இல்லாத ஒரு நாளில், கல்விக் கட்டணத்தை மட்டும் நினைத்துக் கையெழுத்திட்டவர் அவர்!

'சட்டவிரோதமான ஆணைக்கு அதிகாரி கீழ்ப்படிய வேண்டியதில்லையே' என்பர் சிலர். உண்மைதான். நிராயுதபாணிகளைச் சுடு என்ற ஆணையை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் அநீதியான போருக்குப் புறப்படு என்ற ஆணை அந்தக் கணக்கில் சேராது. 2006-இல் லெப்டினன்ட் ஏரன் வாட்டாடா ஈராக் செல்ல மறுத்தார். அவர் போரையே வெறுப்பவர் அல்லர்; ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினால் செல்வேன் என்றார். படை அதை ஏற்கவில்லை. போர் சட்டபூர்வமானதா என்ற வினாவையே இராணுவ நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது. முறைகேட்டால் அவ்விசாரணை முடிவின்றிக் கலைந்து, 2009-இல் அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் சிறைவாயிலில் நின்ற அந்த இளைஞரின் நிலையை எத்தனை பெற்றோர் தம் பிள்ளைக்கு விரும்புவர்?

'நான் பாலம்தானே கட்டப்போகிறேன்' என்றாள் அந்தப் பெண்ணும். பொறியாளர் பிரிவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விருப்பத்தைக் கேட்பார்கள், முடிவு செய்வது படையின் தேவை. மேலும், பாலத்தின் மேல் எது செல்லப்போகிறது என்பது பாலம் கட்டுபவரின் மனச்சான்றுக்கு அப்பாற்பட்டதா?

இனி நம் பக்கம் திரும்புகிறேன். நோட்டர்டேம், மார்க்கெட் போன்ற பெயர்பெற்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இப்பயிற்சிப் படை பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. நோட்டர்டேம் திருஇருதயப் பேராலயத்தின் கிழக்கு வாயிலில், முதல் உலகப்போரில் இறந்தோர் நினைவாக, கடவுள், நாடு, நோட்டர்டேம் என்ற மூன்று சொற்கள் அவ்வரிசையிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. வரிசை சரியானது. கடவுளுக்கும் நாட்டுக்கும் இடையே மோதல் வரும்போது முதற்சொல்லைப் பற்றி நிற்க மாணவருக்குக் கற்பிக்கும் இடம் எது என்பதே என் கேள்வி. படைப் பயிற்சியை வளாகத்துக்குள் ஏற்ற ஒவ்வொரு கத்தோலிக்க நிறுவனமும், கையெழுத்திடுமுன் நீதிப்போர் நெறியையும் மறுக்கும் உரிமையின் எல்லையையும் மாணவருக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டது. தன் மாணவரின் மனச்சான்றுக்காகச் சட்டத்தை மாற்றக் கோரும் முதற்குரலும் அங்கிருந்தே எழ வேண்டும். சீருடைக்கு இடமளித்துவிட்டுச் சிந்தனைக்கு இடமளியாதிருப்பது கத்தோலிக்கக் கல்வி ஆகாது.

குருக்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்திரிய உழவர் ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் ஹிட்லரின் படையில் போரிட மறுத்தபோது, குருக்களும் ஆயரும் அவருக்குச் சொன்ன அறிவுரை என்ன? மனைவி மக்களை நினைத்துப் பார், போய்விடு என்பதே. மருத்துவப் பணியாளராக வருகிறேன் என்று அவர் முன்வந்தும் பயனில்லை. 1943 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் திருச்சபை அவரை அருளாளர் என உயர்த்தியது. அவருக்கு அறிவுரை கூறியவர்கள் தீயவர்கள் அல்லர்; கனிவுள்ளவர்கள். அதனாலேயே அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் வருகிறது. ஹிட்லரின் படையும் இன்றைய அமெரிக்கப் படையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவீனம். ஆனால் குடும்பத்தின் நலனைக் காட்டி மனச்சான்றை உறங்க வைக்கும் அந்தக் கனிவான குரல் எல்லா நாட்டிலும் ஒன்றே. அந்த மூதாட்டியின் முகத்தைக் கண்டு வாய் மூடியிருந்த என்னிடமும் அது இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை போலியாகிவிடும். வேண்டாம் என்று சொல்வது எளிது; கட்டணத்தை யார் கட்டுவது? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஏழைப் பிள்ளையின் மனச்சான்றுக்கு மட்டும் விலை குறிக்கப்படுகிறது. பசித்து வந்த ஏசா கூழுக்காகத் தலைமகனுரிமையை விற்றபோது, விற்றவனை மட்டுமே நாம் பழிக்கிறோம். பசித்தவனிடம் பேரம் பேசிய யாக்கோபை மறந்துவிடுகிறோம். இளையோருக்கு மனச்சான்றைப் போதிக்கும் பங்குகளும் மறைமாவட்டங்களும், அந்த மனச்சான்றின்படி நடக்க முனைவோருக்குக் கல்வி நிதி ஒதுக்க முன்வராவிட்டால், நம் போதனை பிறர் தோளில் சுமை ஏற்றிவிட்டு விரலாலும் தொடாத மறைநூல் அறிஞரின் போதனையே.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொன்னேன்? கையெழுத்திடாதே என்றும் சொல்லவில்லை. இடு என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்தேன். "மகளே, இந்தப் பணம் இல்லை என்று வைத்துக்கொள். கட்டணத்தை வேறொருவர் கட்டிவிட்டார். அப்போதும் அந்தச் சீருடையை அணிய விரும்புவாயா? ஆம் என்றால், கண் திறந்து போ. நாட்டைக் காக்கும் பணிக்கு மனச்சான்றுள்ள அதிகாரிகள் தேவை. நீ போகும் இடத்தில் சட்டம் உன்னைக் காக்காத நாள் வரலாம் என்பதை அறிந்தே போ. இல்லை என்றால், நீ பெறப்போவது உதவி அன்று, விலை" என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் நடைமுறையையும் பேசினோம். கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருக்கும் இடத்தை உடனே விட்டுவிடாதே என்றேன். முதலாண்டின் முடிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஓராண்டு தோழமைக்கும் பெருமைக்கும் பின், மாற்றிடம் கையில் இல்லாதபோது, திறந்த கதவு வழியே நடக்கக் கால் எழாது. மாற்று வழி இருப்பவளே சுதந்திரமாக ஆம் என்று சொல்ல முடியும்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை யாவரும் அறிந்ததே (லூக்கா 14:28-32). அதை அடுத்தே அவர் சொன்ன இரண்டாம் உவமையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அது போருக்குப் புறப்படும் அரசனைப் பற்றியது. பதினாயிரம் பேருடன் இருபதினாயிரம் பேரை எதிர்கொள்ள முடியுமா என்று அவனும் முதலில் உட்கார்ந்து சிந்திக்கிறான். அரசனுக்கே உட்கார்ந்து சிந்திப்பது கடமையென்றால், அவன் படையில் சேரப்போகும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது உரிமையன்றோ?

அந்த மூதாட்டியிடம் பேசினேன். நன்றிப் பூசையை ஒத்திவைத்து, பேத்தி தெளிவு பெறத் தூய ஆவியாரிடம் மன்றாடும் திருப்பலி வைப்போம் என்றேன். சற்று வாடினார், பிறகு தலையசைத்தார். திருப்பலியில் முன்வரிசையில் இருந்தார். அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. முடிவு எதுவாயினும் அதை அவளே எடுத்தாள் என்பதை அறிந்த நாளில், ஒத்திவைத்த அந்த நன்றிப் பூசையை ஒப்புக்கொடுத்தேன்.